முந்திரித் தோப்பில் கிடைத்த பல்

அப்போது நான் சென்னையில் ஆய்வகப் பணியாளர். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பில் கிடைத்த எலும்புக்கூட்டின் பல்லைப் பொடியாக்கி, டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. காணாமல் போன மகனைத் தேடிய ஒரு தாய், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ரத்தம் கொடுக்க வந்திருந்தார். நானும் ஜெயங்கொண்டம்தான் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள இல்லன்னு வரணும் பாப்பா."

பிரித்தெடுத்த டி.என்.ஏ. துளியை, அதைப் பல மடங்காக்கும் இயந்திரத்தில் வைக்கும்போது நானும் அதையே வேண்டினேன். பொருந்தவில்லை என்றே முடிவு வந்தது.

பல மாதங்கள் கழித்து, ஊர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன்.

"அந்த எலும்ப யாரும் கேட்டு வரல பாப்பா. போலீஸ்ல சொல்லி நானே வாங்கி அடக்கம் பண்ணிட்டேன். எம்புள்ளைக்கும் எவளாவது பண்ணியிருப்பால்ல?"

அதன்பிறகு, 'பொருந்தவில்லை' என்று எழுதும் எந்த நாளிலும் எனக்கு நிம்மதி வந்ததில்லை.