வல்லாரைக்குப் போன புகழ்

எங்கட அம்மாவ வல்லாரைதான் சுகமாக்கினது எண்டு சொந்தக்காரர் இண்டைக்கும் சொல்லுவாங்க. கேட்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சுனாமியில பெரியகல்லாற்று வீடும் போனது, தம்பியும் போனான். செங்கலடியில என்ட வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவுக்கு மறதி. என்ட பேரே மறந்து போச்சு. பொழுதுபட்டா வாசலப் பார்த்து, "தம்பி வந்திட்டானா?" எண்டு கேட்பா. வருவான் எண்டு நாங்களும் பொய் சொல்லுவம். நாட்டில சண்டை முடிஞ்ச பிறகும் அதே கேள்விதான்.

அப்பதான் அக்காட புருசன் கரடியனாற்றில நாட்டு மருந்து குடுக்கிற பரியாரிட்ட வல்லாரைத் தூள் வாங்கி வந்தார்.

"விஞ்ஞானமே நிரூபிச்சிட்டுதாம், மச்சாள்!"

"ஆர் அத்தான் நிரூபிச்சது?" எண்டன். அதுக்குள்ள அவர் தூளக் கரைக்கக் கரண்டி தேடப் போயிட்டார்.

பரியாரி கடும் பத்தியம் சொல்லியிருந்தார். புளி, கருவாடு கூடாது. இங்கிலீசு மருந்து தொடவே கூடாது. கொஞ்ச நாளில அம்மா தெளிஞ்சிட்டா! பெருமையில அத்தான்ட நடையே மாறிப் போச்சு. பிறகு தூள் முடிஞ்சுது, பரியாரியும் ஊரில இல்ல. அம்மா திரும்பவும் மங்கிப் போவாவோ எண்டு பயந்தன். ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போய், வல்லாரை மறதிக்கு மருந்தா எண்டு டொக்டரிட்ட நேராவே கேட்டன்.

"எலிகளில பலன் கண்டிருக்காங்க. மனுசர்ர மறதி நோயத் தீர்க்கும் எண்டு சொல்ல ஆதாரம் போதாது. சம்பல் போட்டுச் சாப்பிடுங்க. அது சரி, பத்தியத்துக்கு எதை நிப்பாட்டினீங்க?"

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது. நித்திரைக் குளிசை! சுனாமி முகாமில அம்மாட அழுகை அடங்க டொக்டர்மார் குடுத்த மாத்திரை. பிறகு வருசக்கணக்கா நாங்களே கடையில வாங்கிக் குடுத்தம். திடீரெண்டு நிப்பாட்டினதுக்கும் டொக்டர் நல்லா ஏசினா. ஆனா மறதிக்குக் காரணம் அந்தக் குளிசைதானாம்.

தூளும் இல்ல, குளிசையும் இல்ல. அம்மா மங்கவே இல்ல. அத்தான் வாங்கி வந்த மீனக் கூடப் பழசு எண்டு திருப்பி அனுப்பினா. நான் துள்ளிக் குதிக்காத குறை.

ஒருநாள் விடியக் குளிச்சிட்டு வந்தா.

"புள்ள, நல்ல இறாலா வாங்கி வா. தம்பிக்குப் படைக்கவேணும்."

செத்தவங்களுக்குத்தான் நாங்க படைக்கிற. ஒருத்தரும் சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. குசினிக்குள்ள எங்களையும் விடாம, அழுதழுது தானே சமைச்சா. நானும் வாசல்ல நிண்டு அழுதன். ஆனா, கடவுளே, எனக்கு எவ்வளவு சந்தோசம்! அத்தின வருசத்துக்குப் பிறகு என்ட அம்மா தன்ட புள்ளைக்கு அழுதா.