சுவருக்கு ஒன்று, பற்றரிக்கு ஒன்று

எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதியில் வேலை செய்த என் கணவர் கடிதம் எழுதமாட்டார். பேசி அனுப்புவார். லீவில் வருகிற யாராவது ஒருவருடைய பெட்டிக்குள் ஒரு கசட் வந்து சேரும். எழுதச் சோம்பல், வேறொன்றுமில்லை. சாய்ந்தமருதில் எங்கள் குடும்பத்தில் என் வீட்டில்தான் கசட் றேடியோ இருந்தது, பற்றரியில் மட்டுமே ஓடுகிறது. கசட் வந்த செய்தி தெரிந்தால் மாமி, அதாவது அவருடைய உம்மா, பின்னேரம் அஸர் தொழுத கையோடு வந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நோன்பு மாதம் வந்த கசட்டில் அவர் குரல் தொய்ந்து கிடந்தது.

"நோன்போட கதைச்சிரிக்கான், களைப்பு" என்றார் மாமி.

எனக்கும் அது சரியாகவே பட்டது. மறுநாள் திரும்பவும் போட்டோம். குரல் இன்னும் இழுத்தது. நடுவில் ஓரிடத்தில் சொற்களே கரைந்துபோய், அடிவயிற்றிலிருந்து வருகிற முனகல் மட்டும் நீளமாகக் கேட்டது. மாமி அழத் தொடங்கினார். பொய் சொல்வானேன், நானும் சேர்ந்து அழுதேன்.

அவர் சவூதிக்குப் போனதே தங்கைக்கு வீடு கட்டத்தான். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடில்லாமல் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. அந்த வீடு கூரையில்லாமல் வெறும் சுவராக நின்றது. அப்படியிருந்தும் மாமி என்னைக் கடிதம் எழுத உட்காரவைத்தார்.

"ஊடு கிடக்கட்டும். எல்லாத்தையும் உட்டுட்டு வா மனே எண்டு எழுது."

எழுதி ஒட்டினேன். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மறுநாள் பின்னேரம் கொழும்பு பஸ் ஏறிச் சவூதிக்குத் திரும்ப இருந்தார். அவர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

காலையில் மாமி கசட்டை இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நேத்தைய விட இண்டைக்கு வருத்தம் கூடிரிச்சு புள்ள."

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. ஒரே கசட். அவர் பேசியதும் ஒரே தடவை. அதற்குள் இருக்கிற மனிதருக்கு ஒரே இரவில் எப்படி நோய் கூடும்?

"மாமி, இது பற்றரிட வேல" என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நான்கு பற்றரிகளையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து உயிரேற்றியவர் அவர். பற்றரியைச் சோதித்துப் பார்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி நாக்கு. அடியில் ஒரு வயரை வைத்து, மறுநுனியையும் பற்றரியின் தலையையும் நாக்கால் தொட்டால் சுள்ளென்று இருக்கும். நோன்பு நாளில் யார் நாக்கை நீட்டுவது? மாமியின் இளைய மகன், அது நோன்பை முறிக்குமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுவரச் சைக்கிளை எடுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நீங்க கேட்டுட்டு வாங்க மச்சான். அதுக்குள்ள பஸ் பொயிரும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய பற்றரியை முந்தானையில் முடிந்துகொண்டு கல்முனை பஸாருக்குப் போனேன்.

மின்சாரச் சாமான் கடைக்காரர் முதலில் முள் ஆடுகிற மீற்றர் ஒன்றை எடுத்து வைத்தார். என் பற்றரியில் வைத்தார், முள் எழும்பியது. புதியதில் வைத்தார், இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியது.

"ரெண்டும் நல்லமா, நல்லமில்லையா?" என்று கேட்டேன்.

"அது பாக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் விளங்கும்" என்றார்.

இன்னொரு ஆளைக் கேட்டுக் காத்திருக்க அலுத்துத்தானே நான் இங்கே வந்தேன். அடுத்து டெஸ்டர், உள்ளே சின்ன விளக்குள்ள திருப்புளி. கடைச் சுவர்ப் பிளக்கில் குத்தினார், சிவப்பாக எரிந்தது. பற்றரியில் வைத்தால், புதியதற்கும் எரியவில்லை. அது வீட்டுக் கரண்டுக்கு மட்டும் என்றார். கடைசியாக மேசைக்கு அடியிலிருந்து, இரண்டு துண்டு வயர் தொங்குகிற டோர்ச் பல்ப் ஒன்றை எடுத்தார். புதியதில் வெள்ளையாக எரிந்தது. என்னுடையதில் லேசாகச் சிவந்து அப்படியே அணைந்துவிட்டது.

"முள்ளு பற்றரிய சும்மா பாக்கும். பல்ப் அதுக்கிட்ட வேல வாங்கும்" என்றார்.

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? பல்பையும் நான்கு புதிய பற்றரிகளையும் எடுத்தேன். வீட்டுக்குக் கரண்ட் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுவர்ப் பிளக்கைப் பார்க்கவும் யாரையும் கெஞ்ச எனக்கு இஷ்டமில்லை. டெஸ்டரையும் எடுத்தேன்.

வீட்டில் மாமியின் கண் முன்னால் வெயிலில் காய்ந்த மற்ற மூன்றையும் பல்பில் வைத்தேன். இரண்டு மினுங்கி அணைந்தன, ஒன்றுக்குப் பல்ப் எரியவே இல்லை. புதியவற்றைப் போட்டுக் கசட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

அவருடைய குரல் வழக்கமான அவசரத்தோடு வந்தது. அறைக்காரர்களுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சினாராம். உப்பென்று நினைத்துச் சீனியை அள்ளிப் போட்டாராம். நோன்பு திறக்கிற நேரம் வாயில் வைத்த எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். அதைச் சொல்ல முடியாமல் சிரித்தார். நாங்கள் முனகல் என்று அழுத இடம் அதுதான்.

மாமி கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஒட்டிய வாயைப் பிரிக்காமலே நாலாகக் கிழித்தார். புதிய கசட் ஒன்றைப் போடச் சொல்லி, றேடியோவுக்குக் கிட்ட வாயை வைத்துப் பேசினார்.

"மனே, ஒனக்கு வருத்தமெண்டு நான் அழுத. வருத்தம் எங்கட பற்றரிக்கு. நீ வேலய முடிச்சிட்டு வா. அடுத்த கசட்டுல இன்னும் கொஞ்சம் சிரிச்சு அனுப்பு."