செம்மேட்டில் திறக்காத பக்கம்

இது நடந்தது 2006-ஆம் வருடம், கொல்லிமலையில். செம்மேடு பஸ் நிலையத்துக்கு எதிரே அப்போது நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், அவ்வளவுதான். எங்கள் வீடு அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில். அத்தா அங்கே பாத்திரக் கடை வைத்திருந்தார். அதில் உட்காரப் பிடிக்காமல் தினமும் காலை பஸ்ஸில் மலையேறி மாலை பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வயது. மலைக்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு வேறு தலைக்கேறியிருந்தது.

அந்த நினைப்புக்கு ஒரு காரணம் இருந்தது. கடை திறந்த முதல் வருடம் வைரஸ் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் ஒரு சிஸ்டம் படுக்கும், அதை எழுப்பினால் மாலையில் இன்னொன்று படுக்கும். சரிசெய்ய நாமக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக் வர வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் அவருக்கு வாந்தி வந்துவிடும். கடைக்கு வந்து சேரும்போது கம்ப்யூட்டரைவிட அவர் நிலைமை மோசமாக இருக்கும். வெறுத்துப்போய், ஒரு நண்பர் கொடுத்த சிடியை வைத்து, இலவசமாகக் கிடைக்கும் வேறொரு சிஸ்டத்தை நாலு கம்ப்யூட்டரிலும் நானே ஏற்றினேன். ஊரெல்லாம் பயன்படுத்தும் அந்த நீல 'e' எழுத்துச் சின்னம் போட்ட பிரவுசர் போய், யாரும் கேள்விப்படாத ஒரு பிரவுசர் வந்தது. வைரஸ் தொல்லை அடியோடு நின்றது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு குறை. சில வெப்சைட்டுகள் திறக்காது. உங்கள் பிரவுசரை நாங்கள் ஏற்பதில்லை, இன்ன பிரவுசரில் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி வந்து நிற்கும். அதைப் பார்த்ததும், "இது இங்க தொறக்காதுங்க, நாமக்கல் போயிருங்க" என்று அனுப்பிவிடுவேன். எட்டு மாதமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளடைவில் திரையைப் பார்ப்பதுகூட நின்றுபோனது. சைட்டின் பெயரைக் கேட்டதுமே கையை விரித்துவிடுவேன்.

அன்று சந்தை நாள். மதியம் மூன்று மணி இருக்கும். ஏறக்குறைய என் வயதுள்ள ஒரு பெண் கடைக்குள் வந்தார். தோளில் துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காகிதங்கள். குண்டனி நாட்டில் ஒரு கிராமம் (கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), மரவள்ளியும் மிளகும் போடும் குடும்பம். மறுநாள் காலை சேலத்தில் அவருக்கு ஒரு அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, இதை விட்டால் அடுத்த தடவை கிடையாது. ஹால் டிக்கெட் தபாலில் வரும் என்று காத்திருந்திருக்கிறார். இந்த முறை இன்டர்நெட்டில்தான் எடுக்க வேண்டும், அதுவும் அன்று மாலை ஐந்து மணிக்குள் என்பது, காலையில் சந்தையில் ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

சைட்டின் பெயரைப் பார்த்தேன். என் கை தானாக விரிந்தது.

"இது இங்க தொறக்காதுங்க அம்மிணி. நாமக்கல்லுக்குத்தான் போகோணும்."

"இப்ப பஸ் ஏறுனா போய்ச் சேர ஆறு மணி ஆயிருமுங்களே பாய்" என்றார். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "ஏனுங்க தொறக்காது? ஒருக்கா காட்டுங்க, பாக்கறேன்."

எரிச்சலோடுதான் காட்டினேன். வழக்கமான நாலு வரி வந்து நின்றது. அவர் ப்ளஸ் டூ படித்தவர். திரைக்குப் பக்கத்தில் குனிந்து எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். நான் எட்டு மாதத்தில் ஒரு முறைகூட அதைக் கடைசி வரை வாசித்ததில்லை. பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"நம்ம பொட்டியில இருக்கறது வேற பிரவுசருன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்? பாத்துத் தெரிஞ்சுக்குதா, கேட்டுத் தெரிஞ்சுக்குதா?"

"அதெல்லாம் உள்ளுக்குள்ள நடக்கறதுங்க" என்றேன். தெரியாது என்பதை அப்போதெல்லாம் நான் அப்படித்தான் சொல்வேன்.

அவர் விடுவதாயில்லை. "எங்க பக்கம் யாராச்சும் புதுசா வந்தா, ஏனுங்க, நீங்க எந்த நாடுன்னுதான் மொதல்ல கேப்போம். அவுங்க சொல்றதுதான் கணக்கு. அவுங்க ஊருக்கே போயி வெசாரிச்சுட்டு வந்துதானா ஒக்கார வெப்போம்? இதுவும் அப்படித்தான் கேக்குமுங்களா?"

அவர் சொன்னது உண்மைதான். கடைக்கு முதல் தடவை வரும் யாரும் என்னிடமும் எந்த நாடு என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் கீழே இருந்து வருகிறேன் என்றால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். ஒருவரும் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்ததில்லை. அவர் கேள்வி என் மண்டைக்குள் புகுந்து குடையத் தொடங்கியது. எங்கேயோ இருக்கும் ஒரு வெப்சைட் ஒரு டெலிபோன் கம்பி வழியாக என் கம்ப்யூட்டரை எப்படிப் பார்க்கும்? அப்படியென்றால் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் பதில் சொல்வது யார்? என் பிரவுசர்தான்! போகிற இடத்திலெல்லாம் தன் பெயரைத் தானே சொல்லிவிட்டு வெளியே நிற்கிறது. அதை அவரிடமும் சொன்னேன்.

"அப்ப வேற பேரு சொல்லச் சொல்லுங்க" என்றார், வெகு சாதாரணமாக.

"அதை எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியலீங்களே."

அவர் திரையின் மேல்பக்கம் விரலை வைத்தார். "இதா, மேல வரிசையா எழுதியிருக்குதே, இதுக்குள்ள எல்லாம் என்னங்க இருக்குது?"

பிரிண்ட் எடுப்பதற்குத் தவிர நான் அந்த வரிசையைத் தொட்டதே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்தோம். எழுத்தைப் பெரிதாக்குவது, பக்கத்தைச் சேமிப்பது, எதற்கென்றே புரியாத பத்துப் பதினைந்து சமாச்சாரங்கள். எனக்கு மணியைப் பார்க்கப் பயம். அவரோ, "இது எதுக்குங்க? அது எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்திய பட்டியலின் அடியில் அந்த வரி இருந்தது: பிரவுசரின் அடையாளத்தை மாற்று. அதன் மேல் மவுஸை வைத்ததும் பக்கவாட்டில் பெயர்கள் வரிசையாக விரிந்தன. அந்த நீல எழுத்துப் பிரவுசரின் பெயரும் அதில் இருந்தது. எட்டு மாதமாக என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது.

அமுக்கப் போனவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அரசாங்க சைட் ஆயிற்றே, பொய் சொல்லி உள்ளே நுழைந்தால் கேஸ் கீஸ் என்று வருமோ? அவரிடமே சொன்னேன்.

"நம்பரு என்னுது, பொறந்த தேதி என்னுது, போட்டாவும் என்னுது. அதுல ஒண்ணும் பொய்யில்லீங்களே. தைரியமா அமுக்குங்க பாய்."

அமுக்கினேன். எங்கள் லைனில் ஒரு பக்கம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கம் வந்தது. அவருடைய விண்ணப்ப நம்பரையும் பிறந்த தேதியையும் அடித்தேன். அவருடைய புகைப்படத்தோடு ஹால் டிக்கெட் வந்தது. ஒரு எழுத்து கலையவில்லை, ஒரு கோடு குறையவில்லை. என் பிரவுசருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டத் தெரியாமல் இல்லை, வாசலில் கேட்ட பெயர்தான் தடையாக இருந்திருக்கிறது. பிரிண்டர் தாளை வெளியே தள்ளியபோது நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

மணி நாலு இருபது. அவர் தாளைப் பதமாக மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டே பேசினார்.

"எங்க பங்காளி ஒருத்தருங்க, அவருக்கும் இதே பரீட்சைதான். நெட்டுலதான் எடுக்கோணுமுன்னு காலைல சந்தைல எனக்குச் சொன்னதே அவருதானுங்க. திங்கக்கெழம இங்க வந்தாராமா. தொறக்காதுன்னு சொல்லிப்போட்டீங்களாமா. அதோட உட்டுட்டாருங்க."

திங்கட்கிழமை யார் வந்தார்கள் என்று யோசித்தேன். முகம்கூட நினைவுக்கு வரவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அவரையும் அழைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கும் சந்தைக்குமாக ஓடினேன். அந்த ஆள் இரண்டு மணி பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டாராம். அந்தக் கிராமத்துக்கு அப்போது செல்போன் சிக்னலும் கிடையாது. மலைப்பாதையில் போய் அவருடைய விண்ணப்ப நம்பரை வாங்கிவர இரண்டு மணி நேரமாவது ஆகும். நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து மணி தாண்டிவிட்டது. அந்தப் பெண் அடுத்த பஸ்ஸில் சேலத்துக்குக் கிளம்பினார். தேர்வு எழுதி, தேறி, அந்த வேலையும் அவருக்குக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்தைத் தேடிப் போனேன். அந்தப் பங்காளி சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்திவைத்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கும் அதுதான் கடைசி வருடமாம்.

"உடுங்க பாய், அதுக்காவ இத்தன தூரம் வருவாங்களா" என்று சொல்லி, வீட்டுக்குள் குரல் கொடுத்துக் காப்பி போடச் சொன்னார்.

எனக்கு மனசு ஆறவில்லை. "ஏன் தொறக்காதுன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றேன்.

"நீங்க பாத்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சனுங்க" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் நிஜமாகவே அப்படி நம்பியிருந்தார். அந்தக் காப்பியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து, கேட்டு வந்தவரிடம் தெரியாது என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. பார்க்காமலேயே 'முடியாது' என்று சொல்லத்தான் பயமாக இருக்கிறது.