பத்து லட்சத்து மூன்று

ஹட்டன் பஸ்ஸில் கால் வைத்தபோதே கண்டக்டர் சொல்லிவிட்டார்: "நம்ம கணக்கு டீச்சர் விடியக்காலையில போயிட்டாங்களாம்." ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு ஜன்னலோரத்தில் செல்வராணி டீச்சரின் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். அதில் உட்கார மனம் வராமல் நின்றுகொண்டே போனேன்.

லிந்துலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் எங்கள் இருவரோடும் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மழைக்கு ஜன்னலைச் சாத்தினால் எங்கள் மூச்சுப்பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும். அதில் விரலால் வகுத்தல் கணக்குப் போடுவார். வகுபடும் எண் எப்போதும் ஒன்றுதான்: பத்து லட்சத்து மூன்று. அது முதன்மை எண்ணா, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாததா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். "பத்து லட்சத்து ஒன்னு நூத்தியொன்னுக்கே ஒடைஞ்சிருச்சு டீச்சர். இது மசிய மாட்டேங்குது," என்பார். ஆயிரத்துக்குக் கீழுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம், பயணத்துக்கு ஒன்று. போனில் தட்டினால் நொடியில் வருமே என்று, தமிழ் படிப்பிக்கும் நான் சீண்டுவேன். "அது போனுக்குத் தெரிஞ்சதுங்க. எனக்கு எப்பத் தெரியிறது?"

ஒருநாள் மீதி பூச்சியம் வந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். மறுநாள் செத்த முகத்தோடு வந்தார். கண்ணாடியில் நீர் வழிந்து ஒரு ஏழின் தலையை அழித்திருக்கிறது. அதை ஒன்றென்று எடுத்துக் கழித்திருக்கிறார். வடை தின்ற ஒவ்வொருவரிடமும் போய், "அது ஒடையலங்க, நான்தான் தப்பாப் போட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவருக்கு நோய் முற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு பார்க்கப் போனேன்.

"ஒன்னே ஒன்னுதான் மிச்சம் டீச்சர். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு."

"தாள் தரட்டுங்களா?"

"வேணாங்க. பஸ்ஸுல வந்து போட்டுக்கிறேன்."

எழுந்து உட்காரவே அவருக்கு முடியவில்லை. அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் நல்ல மழை. அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன். கணக்கென்றாலே ஓடும் நான், விரலால் வகுத்தேன். ஈவு ஆயிரத்து மூன்று, மீதி பன்னிரண்டு. நீர் வழிந்து ஏமாற்றியிருக்குமோ என்று பயந்து, மூச்சை ஊதி மறுபடியும் போட்டேன். பன்னிரண்டுதான்.

"என்னங்க டீச்சர், என்னாச்சு?" என்றார் கண்டக்டர்.

"ஒடையலங்க," என்றேன்.

செல்வராணி டீச்சருடையதென்று என்னிடம் இருப்பது அந்த எண் மட்டும்தான். அது முதன்மை எண் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.