நாலாவது சரணத்தில் மூன்று பிள்ளைகள்

யூட்டே எழுதுகிற பாட்டு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. லெம்விக் பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் விருந்துக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக அடுப்படி என் பொறுப்பு. உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டே அவள் பாட்டு எத்தனையோ நூறு கேட்டாயிற்று. மூன்று பாட்டுக்கு ஒன்றில் புருஷன்காரன் ஓக் மரமாக நிற்பான். பெண்டாட்டி அந்த மரத்தடியில் ரோஜாவாகப் பூத்திருப்பாள். ஓக் மரத்தடியில் ரோஜா எங்கே பூக்கிறது? கேட்டால், "மெட்டுல உக்காருதுல்ல, விடுடி" என்பாள்.

பாட்டில்லாத விருந்து எங்களுக்கு விருந்தே இல்லை. எல்லாருக்கும் தெரிந்த மெட்டில், விருந்து யாருக்கோ அவர்கள் கதையைப் புது வரியாகப் போட வேண்டும். அதை அச்சடித்து, சுருட்டி, ரிப்பன் கட்டி, மேஜையில் எதற்குள்ளாவது ஒளித்து வைக்க வேண்டும். கறிக்கும் இனிப்புக்கும் நடுவில்தான் பிரிக்கலாம். அதுவரை எழுதினவளைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது, எழுதச் சொன்னவனுக்குக்கூட. பிரித்துப் பாட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்துகிற வழக்கமும் கிடையாது. கூரை தீப்பிடித்தாலும் கடைசிச் சரணத்தை முடித்து, எழுந்து நின்று, ஒன்பது தரம் ஹுர்ரா சொல்லிவிட்டுத்தான் வாசலுக்கு ஓடுவோம். அவ்வளவு மரியாதைக்காரர்கள் நாங்கள்.

அப்புறம் எதற்கு ஊரே இவளைத் தேடிப் போனது? தொலைபேசிக்காகத்தான். தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் வாயைக் கிளறிப் பழகினவள் அவள். ஆபீஸை மூடின பிறகு, பாட்டு என்று வந்தால், மூன்று நாள் போனும் கையுமாக இருப்பாள். தங்கையைக் கூப்பிடுவாள், பழைய முதலாளியைக் கூப்பிடுவாள், பேசாமல் போன மச்சானையும் விடமாட்டாள். வெட்கமே கிடையாது. "கல்யாணத்தன்னைக்கு யாருக்கு வயித்தால போச்சு?" என்று பாதிரியார் வீட்டிலேயே கேட்டவள்.

பால் வண்டி ஓட்டின ஏகோனுக்கும் கார்லாவுக்கும் இருபத்தைந்தாம் கல்யாண நாள் வந்தபோது, "தோட்டத்துக்கு முதல்ல என்ன வாங்கினீங்க?" என்று கேட்டிருக்கிறாள். நாலு நாற்காலி என்றாள் கார்லா. "இப்ப நாலும் எங்க?" ரெண்டில் பூந்தொட்டி இருக்கிறது என்றாள். அதற்குமேல் யூட்டே ஒன்றும் கேட்கவில்லை. பாட்டில் அப்படியே போட்டாள்: நாலு நாற்காலி வாங்கினார்கள், ரெண்டில் உட்கார்ந்தார்கள், ரெண்டில் பூ வைத்தார்கள். அவ்வளவுதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஊருக்கே தெரியும், ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. அன்று கூடம் முழுக்க மெதுவாகப் பாடியது, நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். அந்தக் காகிதத்தைக் கார்லா இன்னும் கரண்டி இழுப்பறையில் வைத்திருக்கிறாள். அந்த ஒரு வரிக்காக யூட்டேவுடைய ஓக் மரங்கள் அத்தனையையும் நான் மன்னித்திருக்கிறேன்.

எழுதுகிறவளுக்கு விருந்தில் ஒரு நாற்காலி உண்டு. அதுதான் அவளுக்கு உண்மையான கூலி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு பூனை இருந்தது, அதுவும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. வருஷத்தில் நாற்பது சனிக்கிழமை எண்பது பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். மற்ற நாளெல்லாம் ரொட்டியும் மத்தி மீனும், எதிரே சுவர்.

இந்தச் சமயத்தில்தான் செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்து சேர்ந்தது. யூட்டே வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஹோல்கர் ஒரு காபி ஆறுவதற்குள் கைபேசியில் பன்னிரண்டு சரணம் எடுத்துக் காட்டினான். "பாத்தியா மார்கிட், எதுகையெல்லாம் எப்படி உக்காந்திருக்கு! யூட்டேவுக்கு இது சாத்தியமா?" என்றான். எதுகை என்றால் என்ன என்று ஜென்மத்தில் யோசித்திராத மனுஷன், அன்று காலையில் புலவனாகிவிட்டான். ஊரே அப்படித்தான் ஆனது. நாற்பது சனிக்கிழமை இருபதாகி, ஆறாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பானது.

யூட்டே பயந்துபோனாள். பயந்தவளுக்கு வகுப்பு எடுக்க ஆள் இல்லாமலா போகும்? பக்கத்துப் பட்டணமான ஹோல்ஸ்டப்ரோவின் நூலகத்தில் யெப்பே என்று ஒருத்தன் வந்தான், வெள்ளை ஷூ, வெள்ளைப் பல். 'படைப்பாளிகள் காலத்தோடு நிற்பது எப்படி' என்று பேச்சு. துணைக்கு நானும் போனேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மெஷினைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது மேல ஏறி உக்காருங்க, அதுவே உங்களைக் கூட்டிட்டுப் போகும்" என்றான்.

"எங்க கூட்டிட்டுப் போகும்?" என்று கேட்டேன்.

"முன்னால!" என்றான். கைதட்டினார்கள். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும்.

அவன் வாழ்நாளில் ஒரு பாட்டாவது எழுதியிருப்பானா? சாப்பிடத் தெரியாதவன் சமையல் சொல்லித்தந்த மாதிரி இருந்தது. ஆனால் யூட்டே முகம் மலர்ந்துபோய் வந்தாள். அடுத்த வாரமே அடுப்படிக்கு வந்து கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"முப்பது செகண்டுடி மார்கிட்! பேரு, வயசு, வேலை, எத்தனையாவது கல்யாண நாளு, அவ்வளவுதான் குடுத்தேன். பாதி விலைக்குத் தரேன்னு சொல்லிருக்கேன், திரும்ப வராங்க!"

"யாருக்கும் போன் பண்ணலையா?"

"எதுக்குடி? காலத்தோட ஓடணும். நீ என்ன இன்னும் கையாலயா கிழங்கு உரிக்கிற?"

"மெஷின்லதான் உரிக்கிறேன். ஆனா கறுப்பு இருக்கான்னு ஒண்ணொண்ணா பாத்துத்தான் பானையில போடுறேன்."

"உனக்குப் பொறாமை" என்றாள். எனக்கென்ன பொறாமை? அவளிடம் இருந்தது எதுகை இல்லை, காது. காதைக் கழற்றி எறிந்துவிட்டு எதுகையைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்றுதான் எரிச்சல். அதை அன்றே உரக்கச் சொல்லியிருக்கலாம். கிழங்கு கொதிக்கிறது என்று திரும்பிக்கொண்டேன்.

மே மாதம் ஏகோனுக்கும் கார்லாவுக்கும் ஐம்பதாம் கல்யாண நாள். காலையிலேயே அவர்கள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் தேவதாரு இலை வளைவு கட்டி, தங்கக் காகிதத்தில் ஐம்பது என்று வைத்தார்கள். மத்தியானம் கூடத்தில் எண்பது பேர். பாட்டுக்கு ஏற்பாடு ஹோல்கர். அவனே மெஷினில் எடுத்திருக்கலாம், ஆனால் பொன்விழா என்றால் யூட்டே பேர் போட்டால்தான் மரியாதை என்று அவளிடமே கொடுத்திருந்தான். ஏகோன் பால் வண்டிக்காரர் என்பதால் அவளும் குட்டிக் குட்டிப் பால் டப்பா செய்து, அதற்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தாள். டப்பா அவள் கையால் செய்தது, ஒரு வாரம் ஒட்டியிருக்கிறாள். ஒட்டுவதற்கு நேரம் இருந்தது மகராசிக்கு!

அடுப்படிக்குப் பக்கத்து மேஜையில் அவளுக்கு நாற்காலி. புது ரவிக்கை. எல்லாரும் டப்பாவைத் திறந்தார்கள், பியானோ ஆரம்பித்தது.

முதல் மூன்று சரணமும் வழவழவென்று போயின. உண்மையைச் சொல்ல வேண்டும், யூட்டே ஜென்மத்திலும் அப்படி எழுதியிருக்கமாட்டாள். நாலாவது சரணம் வந்தது. மூன்று பிள்ளைகளின் சிரிப்பு வீட்டை நிறைத்ததாம், பேரப்பிள்ளைகள் பால் வண்டியில் ஏறித் தாத்தா மடியில் தூங்கினார்களாம்.

ஐம்பது வருஷக் கல்யாணம் என்றால் பிள்ளைகுட்டி இல்லாமலா என்று அந்த மெஷின் தானாகவே பெற்றுப் போட்டுவிட்டது.

குரல்கள் இறங்கின. ஆனால் ஒருத்தரும் நிறுத்தவில்லை. நிறுத்துகிற வழக்கம்தான் எங்களுக்கு இல்லையே! ஹோல்கர் என்ன பாடுகிறோம் என்று தெரியாமலே தொண்டை கிழியப் பாடினான். நான் குழம்புச் சட்டியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். நானும் பாடினேன். மூன்று பிள்ளைகள் என்று என் வாயும் சொன்னது. தூ! ஐந்தாவது சரணத்தில் மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனது. ஏகோன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்லா காகிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல், கடைசி வரைக்கும் பாடினாள். எழுந்து நின்றோம். ஒன்பது ஹுர்ரா. ஒன்றுகூடக் குறையவில்லை.

யூட்டே மட்டும் எழவில்லை. காகிதத்தில் அவள் விரல் இன்னும் நாலாவது சரணத்திலேயே நின்றது.

கார்லா மேஜைகளைத் தாண்டி அவளிடம் வந்தாள். கோபமாக வந்திருந்தால்கூடத் தேவலை.

"யூட்டே, என் மூணு புள்ளைங்களுக்கும் என்ன பேரு வெச்ச?"

"அது நான் இல்ல கார்லா. மெஷின் எழுதினது. நான்... நான் படிச்சுக்கூடப் பாக்கல" என்றாள் யூட்டே.

"நாங்க படிச்சோம்" என்றாள் கார்லா. "எண்பது பேரும் சத்தமாப் படிச்சோம்."

யூட்டே தட்டுத்தடுமாறி எழுந்து மேலங்கியைத் தேடினாள். கார்லா அவள் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள்.

"எங்க போற? இனிப்பு வருது. உன்னையும் எண்ணித்தான் சொல்லியிருக்கோம்."

சொல்லிவிட்டு ஏகோன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எலுமிச்சை இனிப்பை நான்தான் கொண்டுபோய் யூட்டே முன்னால் வைத்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல மனசு வரவில்லை. அவள் கண்ணீர் கிண்ணத்தில் விழ விழ, ஒவ்வொரு கரண்டியாக, அடி தெரியும்வரை சாப்பிட்டாள். நடுவில் எழுந்து போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.