பட்டன் மறக்காதீங்க

பின் டயர் விஷயத்தில் எனக்கும் ஓட்டு உண்டு என்பது என் கட்சி. முன் சக்கரத்தை ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்ளட்டும். பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, அது விழுகிற ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பில் வாங்கிக்கொள்கிறவள் நான். அதை மாற்றுவதென்றால் என்னைக் கேட்க வேண்டாமா? என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டு, நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டு வந்தார். அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் கதை.

எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து உள்ளே தள்ளி மனை வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்தோம். மனை விற்றவர்கள் காட்டிய வரைபடத்தில் வாசலுக்கு எதிரே அகலமான ரோடு இருந்தது. நாங்கள் வந்தபோதும் அது வரைபடத்தில்தான் இருந்தது. நெல் விளைந்த பூமி; வெயில் காலத்தில் புழுதி, ஐப்பசி பிறந்தால் களிமண். காலை வெளியே இழுத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆட்டோக்காரர்கள் ஜங்ஷனோடு நிறுத்திவிடுவார்கள். "உள்ள வந்தா பேஜாராய்டும்மா, எறங்கிக்கோ" என்பார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

எங்களிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. காலையில் என்னைச் சேலையூரில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அவர் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டு மின்சார ரயில் ஏறுவார். பாதி சேறு, பாதி தார். அதுதான் எங்கள் தினசரி வழி.

அந்த வருஷம் எனக்கு முதல் குழந்தை. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். எனக்கு அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப்போவது வழக்கம். என்னை அழைத்துப்போக ஒரு வீடு இல்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். ஆகவே வலி எடுத்தால் இந்தச் சேற்றைத் தாண்டித்தான் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். நான் வெளியே தைரியமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். மழை வாசனை வந்தாலே எழுந்துபோய் வாசல் பாதையைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஏழாவது மாதத்தில், ஒரு சின்ன மழைக்கு அடுத்த நாள் காலை, ஏரிக்கரை முனையில் வண்டி வழுக்கியது. விழவில்லை. பின் சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கமாக நகர்ந்துபோய் நின்றது, அவர் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டார். இறங்கிப் பார்த்தால் டயர் மொட்டை. விரலால் தடவினால் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளுப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் டயர் பேச்சுத்தான். தாம்பரத்தில் டயர் கடைக்காரர் இரண்டு வகை காட்டினாராம். ஒன்று கோடு போட்டது. தார் ரோட்டில் சத்தமில்லாமல் உருளும். இன்னொன்று பட்டன் டயர். சதுரம் சதுரமாக ரப்பர் துண்டுகள் எழும்பி நிற்கும், சேற்றில் கடித்துப் பிடிக்கும், ஆனால் தாரில் தடதடக்கும், மழைத் தாரில் பிரேக் அடித்தால் சறுக்கும்.

"ரெண்டுத்துக்கும் பொதுவா ஒண்ணு இல்லையாங்க?" என்றேன்.

"கேட்டேன். பொதுவானது ரெண்டுலயும் சுமாராத்தான் ஓடுமாம். உங்களுக்கு எந்த ரோடு முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்கறார்."

"இதுல என்ன சந்தேகம்? தார் ரோடுதான். குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க பாட்டுக்கு டிராக்டர் டயரை மாட்டி என்னை மாவு சலிக்கற மாதிரி சலிக்கப் போறீங்களா?"

அவர் பட்டன் டயர் கட்சி. நான் கோடு டயர் கட்சி. அவர் அதிகம் பேச மாட்டார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசுவேன். வார முடிவில், சரி, உன் இஷ்டம்போல கோடு போட்டதே வாங்கிடறேன் என்று இறங்கி வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஏக திருப்தி.

சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு, அவருடைய ஆபீஸ் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கு நேரே ஒரு பட்டன் இல்லை. ஊக்குக் குத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்தே கத்தினேன்: "என்னங்க, பட்டன் மறக்காதீங்க."

"நிஜமாத்தான் சொல்றியா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

ஒரு பட்டனுக்கு இவ்வளவு கேள்வியா என்று நினைத்துக்கொண்டு, "ஆமாங்க, அதுகூட இல்லாம எப்படி?" என்றேன்.

மத்தியானம் திரும்பி வந்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பின் சக்கரத்தில் கரேலென்று, பர்ஃபி துண்டு போட்டதுபோலச் சதுரம் சதுரமாகப் பட்டன் டயர். நான் வாசற்படியில் சட்டையும் கையுமாக நின்றேன்.

"கடைசி நிமிஷத்துல நீயே சொல்லிட்டியே" என்றார். "எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?"

"நான் சொன்னது இந்தப் பட்டன்" என்று சட்டையைக் காட்டினேன். சட்டையைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். மாட்டின டயரைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன். சட்டைப் பட்டனை அவரும் வாங்கவில்லை. நான் வாங்குவதாகவும் இல்லை. ஊக்கோடயே போகட்டும் என்று விட்டுவிட்டேன். கோபம் வந்தால் நான் அப்படித்தான்.

எதிர் வீட்டு அண்ணனுக்கு விஷயம் தெரிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வீடு நிற்கிற மனை ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். இப்போது செங்கல், மணல் வியாபாரம். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். புது டயருக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இவர் வண்டியில் ஏறப்போனார். அண்ணன் ஓடிவந்து தடுத்தார்.

"சார், நீ ஏத்தக் கூடாது. வூட்ல புள்ளத்தாச்சி கீறாங்க இல்ல? தேங்கா ஒடைக்கறது, பழம் நசுக்கறது, ஒண்ணும் செய்யக் கூடாது. தள்ளு, நான் ஏத்தறேன்."

ஏற்றினார். அதோடு இறங்கினாரா என்றால் இல்லை. தெருவைச் சுற்றினார், ஏரிக்கரை முனை வரை போனார், சேற்றில் இறக்கி ஏற்றிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து முதுகெல்லாம் சேறு தெறிக்கத் திரும்பி வந்து, "இன்னா புடி புடிக்குது சார்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

தார் ரோட்டில் அது 'ங்ங்ங்' என்று ஊளையிட்டது. சேலையூர் போவதற்குள் பல் ஆடியது. தினமும் இறங்கும்போது ஏதாவது சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். அவர் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. ஒன்பதாம் மாதம் நான் லீவு போட்டு வீட்டோடு இருந்தபோது, இன்னொரு வேலை செய்தார். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஜங்ஷன் வரை நடந்து பஸ் பிடிக்க ஆரம்பித்தார். திடீரென்று வலி எடுத்தால் உதவட்டும் என்று சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஆசை ஆசையாக வாங்கின டயர் வாசலில் நிற்க, அவர் வழுக்கி வழுக்கி நடந்துபோவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அப்போதும் என் வாய் 'பாவம்' என்று சொல்லவில்லை. மனசு சொன்னது.

விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வலி எடுத்தது. எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, "யோவ், சாவிய எடு" என்று அண்ணனுக்குக் குரல் கொடுத்தாள். அவர்கள் லாரி லோடு எடுக்கப் போயிருந்தது. வாசலில் தண்ணீர் தேங்கி, எது பாதை எது பள்ளம் என்று தெரியவில்லை. அண்ணன் முன்னால், நான் நடுவில், என்னை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால்.

"புட்சிகினு கீறேன் கண்ணு. பயப்படாத" என்று அக்கா காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஏரிக்கரை முனை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின் சக்கரம் ஒருமுறை சும்மா சுற்றியது. அடுத்த நொடி எனக்குக் கீழே அது மண்ணைக் கவ்வியது எனக்கே தெரிந்தது. வண்டி இம்மியும் வழுக்காமல் நேராக மேலேறியது. நான் அழுதேன். வலியில் இல்லை.

ஜங்ஷனில் அண்ணன் வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்தி, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். அக்கா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பேருக்கும் நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல பஸ்ஸில் ஜங்ஷனில் இறங்கியிருக்கிறார். டீக்கடை ஓரம் தன் வண்டி. பின் டயரில் பட்டன் எது சேறு எது என்று தெரியாதபடி அப்பிக்கிடந்த மண். கடைக்காரர் விஷயத்தைச் சொன்னதும், அந்த டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். பிறகு நனைந்த தாரில் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

கதவருகே வந்து நின்றார். கையெல்லாம் சேறு, குழந்தையைத் தொடத் தயங்கினார். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. இத்தனை நாள் அந்த டயரைத் திட்டினதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"பட்டனுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றேன்.

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். ஊக்கு அங்கேயேதான் இருந்தது. சேற்றுக் கையால் அதை மறைத்துக்கொண்டார்.

"மறந்தே போச்சும்மா" என்றார். "நாளைக்குக் கண்டிப்பா வாங்கிடறேன்."