வெல்டா எடுத்த வண்டி

எங்கள் மலைச்சாலையில் என் வீட்டுக்கும் மேலே இருந்த ஒரே வீடு கிம்பிள் தம்பதியுடையது. ஓரின் கிம்பிள் குதிரைக்காரர். அவர் மனைவி வெல்டா கீழே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்றவள். குள்ளமான உருவம். என் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனால் அவள் அதட்டினால் முந்நூறு பிள்ளைகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போகும்.

போன குளிர்காலத்தில் ஓரினுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது. பார்வைதான் தேறவில்லை. இடது பக்கம் எது இருந்தாலும் அவருக்குத் தெரியாது. தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும், வெல்டா தட்டைத் திருப்பி வைப்பாள். டாக்டர் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு ஓரினுடைய பெரிய பிக்கப் லாரியை வெல்டாதான் ஓட்ட வேண்டியதாயிற்று.

அந்த வண்டி ஒரு சின்ன வீடு மாதிரி. வைக்கோல் கட்டுகளை அம்பாரமாக ஏற்றிக்கொண்டு, பின்னால் இரண்டு குதிரைகளையும் டிரெய்லரில் இழுத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் மேடேறும். வெல்டா இருக்கையில் மெத்தை போட்டு உட்கார்ந்தாலும் வண்டியின் மூக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு தடவை வாசல் கம்பத்தைச் சாய்த்தாள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. ஒரு நாள் மளிகைக் கடை முன்னால் வண்டியை எடுத்தபோது யாரோ ஒரு பெண் வீறிட்டாள். வெல்டா பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தாள். சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஒரு சின்னப் பெண் குந்தி உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தது.

கூடப் போயிருந்த என்னிடம் சாவியைக் கொடுத்து, "டெல், இதை வீட்டுல கொண்டுபோய் விட்டுடு. இனி இதைத் தொடமாட்டேன்" என்றாள்.

சின்ன பிக்கப் ஒன்று வாங்குவது என்று அவள் முடிவு செய்தாள். வாங்கக் கூடாது என்று ஓரின் முடிவு செய்தார். கோடை முழுவதும் அந்த வீட்டில் இதே பேச்சுத்தான்.

"அது பிக்கப் இல்ல, பொம்மை. அதுல என்னத்த இழுப்ப? சலவைக் கூடையையா?"

"உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவேன். போதும்."

"ரெண்டு குதிரையை?"

ஜூனோ, டான்சி என்ற இரண்டு பெட்டைகளும் ஓரினுக்குப் பிள்ளைகள் மாதிரி. கடைசியில் வண்டிக் கடைக்காரன், "ரெண்டு நாள் வச்சிருந்து பாருங்க, திங்கக்கிழமை கொண்டாங்க" என்று ஒரு சிவப்பு நிறச் சின்ன பிக்கப்பை அவளிடம் கொடுத்து அனுப்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தீ வந்தது.

முதல் நாள் மழையில்லாமல் இடி மட்டும் இடித்திருந்தது. மேற்கு மலையில் எங்கோ புகைந்துகொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். மத்தியானம் காற்று திரும்பியது. ஷெரீப்பின் போலீஸ் ஆள் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே மேலே போய்த் திரும்பினான்: "மூட்டை கட்டாதீங்க! இப்பவே இறங்குங்க!" நான் என் ஆடுகளை டிரெய்லரில் திணிக்க ஆரம்பித்தேன்.

மேலே கிம்பிள் வீட்டு முற்றத்தில் நடந்ததைப் பிறகு வெல்டா சொல்லித்தான் அறிந்தேன்.

அவள் மருந்துகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஓரின் ஒற்றை ஆளாகப் பெரிய வண்டியில் குதிரை டிரெய்லரை மாட்டிவிட்டு நின்றார். "ஏறு" என்றார்.

"கீழ இறங்கற அந்த வளைவுல இதைத் திருப்ப என்னால ஆகாது, ஓரின்."

"அப்ப நான் ஓட்டறேன்."

"பள்ளம் இடது பக்கம். உனக்கு அது தெரியவே தெரியாது."

"சரி, உன் பொம்மையிலயே டிரெய்லரை மாட்டு!"

"மாட்டினா இறக்கத்துல குதிரைங்க பாரம் நம்மளைத் தள்ளிட்டுப் போய்ப் பள்ளத்துல போடும். உனக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும். பெரிய வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் பைன் மரங்கள் படபடவென்று பற்றும் சத்தம் கேட்டது. சாம்பல் பனி மாதிரி விழுந்தது. வெல்டா மாடுகளுக்குக் குறி போடும் சாயக்கோலை எடுத்து, இரண்டு குதிரைகளின் விலாவிலும் தங்கள் தொலைபேசி எண்ணை எழுதினாள். நைலான் கயிறு சூட்டில் உருகி முகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று தலைக்கயிறுகளை அவிழ்த்தாள். எல்லா வாசலையும் திறந்துவிட்டு இரண்டையும் அடித்து விரட்டினாள். டான்சி திரும்பித் திரும்பி அவளிடமே வந்தது. கல்லெடுத்து எறிந்துதான் துரத்த வேண்டியிருந்தது.

பிறகு ஓரினின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். "நீ இறங்கலைன்னா நானும் இங்கயே உக்காந்துக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணா வேகலாம்."

ஓரின் இறங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல் சின்ன வண்டியில் ஏறினார்.

இரண்டாவது வளைவில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். புகையில் வழி தெரியாமல் என் டிரெய்லரின் பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பை விட்டு நழுவிவிட்டது. அந்த இழுப்பில் என் பெரிய பிக்கப்பின் மூக்கு மலைப்பக்கம் திரும்பிச் சாலையை அடைத்து நின்றது. ஆடுகளைத் திறந்துவிட்டேன், அவை இறக்கத்தில் ஓடின. டிரெய்லரைக் கழற்றலாம் என்றால் கொக்கி இறுகிப்போய் அசையவில்லை. மேலே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். வண்டியை விட்டுவிட்டு ஓடினாலும் தீயை முந்த முடியாது. அப்போதுதான் புகைக்குள்ளிருந்து சிவப்பு வண்டி வந்து நின்றது.

வெல்டா இறங்கினாள். என் வண்டியின் மூக்குக்கும் மலைப்பக்கப் பாறைக்கும் நடுவிலிருந்த இடுக்கைப் பார்த்தாள். வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினாள்.

"போகுமா?" என்றேன்.

"போகலைன்னா மூணு பேரும் நடப்போம். முன்னால போய் நின்னு கை காட்டு."

காட்டினேன். அவள் அங்குலம் அங்குலமாக உருட்டினாள். என் பம்பர் அவள் கதவை முன்னாலிருந்து பின்னால்வரை கிழித்த சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. ஓரின் தன் வலது பக்க ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பாறையைப் பார்த்துக்கொண்டே கத்தினார்: "என் பக்கம் ரெண்டு விரல் இடம் இருக்கு! வா... இன்னும் வா... நிறுத்து! இப்ப ஒடி! வா!"

வண்டி மறுபக்கம் வந்துவிட்டது. பின் இருக்கையில் நான் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி விழுந்தேன். மலையடிவாரப் பாலத்தைத் தாண்டியதும் வெல்டா ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, வாந்தி எடுத்தாள்.

என் வண்டி எரிந்து வெறும் இரும்பாகிவிட்டது. கிம்பிள் வீடு தப்பியது. கொட்டகை போய்விட்டது. ஆனால் முற்றத்தில், டிரெய்லர் மாட்டியபடியே, பெரிய பிக்கப் ஒரு கீறல் இல்லாமல் சாம்பல் பூசி நின்றது. வீடு பார்க்கப் போன அன்று ஓரின் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுல வந்திருந்தா குதிரைங்க இன்னைக்கு நம்மகிட்ட இருந்திருக்கும்."

"டெல் குறுக்க நின்னுட்டிருந்தான்" என்றாள் வெல்டா. "இதுல வந்திருந்தா அவன் பின்னாலயே நின்னிருப்போம். குதிரைங்களோட சேர்ந்து."

அதன் பிறகு வெகு நாள் ஓரின் அவளிடம் எதுவுமே சொல்லவில்லை.

ஜூனோவைப் பற்றி ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு பால்பண்ணைக்காரர் போன் செய்தார். விலாவில் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருந்தார். டான்சியை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். வனத்துறை போட்டிருந்த முள்கம்பி வேலிக்கு உள்பக்கம், மூலையில் செத்துக் கிடந்தது. நான் குழி தோண்ட ஆள் கூப்பிடலாம் என்றேன். வெல்டா கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு, "இது போகமாட்டேன்னுதான் சொல்லிச்சு" என்றாள். "நான்தான் கல்லால அடிச்சேன்."

ஓரின் சிரமப்பட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது எப்பவும் வேலி ஓரமாத்தான் ஓடும், வெல்டா. யார் விரட்டினாலும் அங்கதான் போயிருக்கும்."

கதவு கிழிந்த வண்டியைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வெல்டாவும் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. பெரிய பிக்கப்பை ஓரின் எனக்கே கொடுத்துவிட்டார். வைக்கோல் எடுக்கும் நாட்களில் அவரும் என்னுடன் வந்து, நான் கியர் மாற்றுவது சரியில்லை என்று வழி நெடுகத் திட்டுகிறார். கொட்டகை போனதால் ஜூனோ இப்போது பள்ளத்தாக்கில் பால்பண்ணைக்காரரின் புல்வெளியில் நிற்கிறது. சிவப்பு வண்டியில் இரண்டே இரண்டு கட்டு வைக்கோலைப் போட்டுக்கொண்டு வெல்டாவும் ஓரினும் அதைப் பார்க்கப் போய்வருகிறார்கள். கதவுக்கு வண்ணம் அடிக்கச் சொல்லி நான் கேட்டேன். அடுத்த வசந்தத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.